ஆயுதபூசையன்று பிறந்த சத்தம்

எங்கள் வார்ப்படத் தெருவில் ஒரு எஞ்சினின் சத்தம், எஞ்சினை விட்டுத் தனியாகப் பிரிந்து, தண்ணீர்க் குழாயடிக்கும் என் பட்டறை வாசலுக்கும் நடுவில் நாலரை மாதம் குடியிருந்தது. ஒற்றை மாட்டு வண்டி நிற்கிற அளவு இடம்தான் அதற்கு வேண்டியிருந்தது. கோயமுத்தூருக்கு வடக்கே, இரும்பு உருக்கும் உலைகளும் லேத் பட்டறைகளும் அச்சு மண் பிசையும் கொட்டகைகளுமாக இருந்த அந்தத் தெருவில் அதற்கு முன்னும் சத்தத்துக்குக் குறைவில்லை. அதனால் அது வந்து நின்றபோது நாங்கள் ஆச்சரியப்பட்டதைவிட, இனிமேல் தண்ணீர் லாரி எப்படித் திரும்பும் என்றுதான் அதிகம் பேசிக்கொண்டோம்.

சென்னியப்பன் செத்ததிலிருந்து சொல்ல வேண்டும். அவன் பம்ப் கம்பெனி ஒன்றில் எஞ்சின் வேலை பார்த்தவன். அந்தக் கம்பெனியின் முதலாளி தேவசிகாமணிக்குக் கார்ப் பந்தயத்தில் பித்து. நேர்கோட்டில் கால் மைல், கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும் பந்தயம் அது. அதற்கென்றே அவர் கப்பலில் இறக்கிய வண்டிக்குப் பெட்ரோல் ஆகாது, நைட்ரோ என்கிற எரிபொருள்தான் வேண்டும். பெட்ரோல் எரிவதற்குக் காற்றைத் தேடி அலையும், நைட்ரோ தனக்கு வேண்டிய காற்றில் பாதியைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டு வரும், அதனால் அதே எஞ்சினுக்குள் ஏழெட்டு மடங்கு ஊற்றலாம், எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதில்தான் ஓட்டுகிறவன் உயிர் இருக்கிறது என்று சென்னியப்பன் எனக்குச் சொல்லியிருக்கிறான். அந்த மாசி வெயிலுக்கு ஏற்றபடி பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்து வைத்துவிட்டு அவன் தானே ஓட்டுவதற்காக ஹெல்மெட் மாட்டப் போன நேரத்தில், பெங்களூர்க்காரன் வண்டியிடம் தோற்றுவிடுவோமோ என்று பயந்து, முதலாளி மிச்சமிருந்த நைட்ரோ கேனைத் தன் கையாலேயே டாங்கியில் கவிழ்த்தார். சண்டைக் காலத்தில் போட்டு, பிறகு யாரும் சீந்தாமல் கிடந்த விமான ஓடுதளம் அது. காலை பதினொன்று இருபதுக்கு அதன் பாதித் தூரத்தில் எஞ்சின் வெடித்துச் சென்னியப்பன் செத்துப்போனான்.

இரண்டு மணிக்கு முதலாளி மைக்கைப் பிடித்து, ஓட்டியவன் குடித்திருந்தான், குடிபோதையில் தானே அளவு தெரியாமல் ஊற்றிக்கொண்டான் என்று சொன்னார். கூட்டம் உச்சுக்கொட்டியது. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது, மறுநாள் பேப்பரிலும் அப்படியே வந்தது. அவன் சட்டையில் ஸ்பிரிட் வாடை அடித்ததாம். எஞ்சின் வேலைக்காரன் சட்டையில் வேறென்ன வாடை அடிக்கும்? பதநீரைக்கூட அவன் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான், அதற்காகத் தெருவில் அவனைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. முதலாளி கேனைக் கவிழ்த்ததை நேரில் பார்த்தவன் வெள்ளியங்கிரி ஒருவன்தான். வார்த்த இரும்பைச் சாணை பிடிக்கும் கொட்டகையில் இருபது வருஷம் நின்று இரண்டு காதையும் பறிகொடுத்தவன், வண்டி தள்ளுவதற்காகக் கூடப் போயிருந்தான். காது கேட்காதவனுக்கு என்ன தெரியும் என்று அங்கே அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெருவுக்கு வந்து எங்களிடம்தான் சொன்னான்.

சென்னியப்பனின் மனைவி கருணாம்பாள் வார்ப்படக் கொட்டகையில் கோர் போடுகிறவள். கருப்பட்டிப் பாகும் மணலும் பிசைந்து, வார்ப்புக்குள் எங்கெங்கே வெற்றிடம் வேண்டுமோ அங்கங்கே வைக்கிற மண் உருவத்துக்குப் பெயர் கோர். இல்லாத இடத்தைக் கையால் செய்கிற வேலை என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். இழவு வீட்டுக்கு மாலையோடு வந்த முதலாளி, எல்லோர் காதிலும் விழும்படி, குடிக்கிறவனை நீதான் கண்டித்திருக்க வேண்டும் அம்மிணி என்றார். அவள் அழுகையை அந்த இடத்திலேயே நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் என் லேத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, அந்த மாதிரி வண்டி ஒண்ணு நம்மாலே செய்ய முடியுமுங்களா?"

எதற்கு என்று கேட்டேன்.

"ஜெயிச்ச வண்டிக்காரங்க கையில மைக்கைக் குடுப்பாங்களாமா. அதே எடத்துல, அத்தனை சனத்துக்கு முன்னால, யாரு ஊத்துனதுன்னு அவரையே கேக்கோணும். மைக்குல சொன்னதை மைக்குலதான் திருப்பி எடுக்கோணும்."

முடியும் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் எட்டாவதோடு நிறுத்தியவன். தேய்ந்த பம்ப் தண்டைச் சரிபண்ணித்தான் பழக்கம்.

ஏழு மாதம் செய்தோம். பட்டாளம் கழித்துக் கட்டிய லாரியின் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க ஒரு புளோயர் வேண்டும். எங்கள் தெருவில் ஒவ்வொரு உலைக்கும் அடியில் அது இருக்கிறது, ஆனால் பன்றி அளவு இருக்கிறது. அதன் இரண்டு சுழலிகளையும் அளந்து, நாலில் ஒரு பங்காகச் சுருக்கி மரத்தில் உருவம் செதுக்கி, அலுமினியத்தில் வார்த்தோம். வார்த்த பிஸ்டன் மூன்று செட்டு உருகிப் பொரிகடலை மாதிரி கொட்டியது. நாலாவது செட்டை வார்க்காமல், முழு அலுமினியக் கட்டியை அடித்து இறுக்கிக் கடைந்தேன், அது தாங்கியது. சிலிண்டர் தலைக்கு வேண்டிய கோர் எல்லாம் கருணாம்பாளே போட்டாள். முதல் இரண்டு தலையிலும் நுண்ணிய துளைகள் இருந்தன, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைகளை அவள் மண்ணெண்ணெய் ஊற்றி மூக்கால் கண்டுபிடித்தாள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு ரசாயனம் கொண்டுவரும் ஒருவர் நைட்ரோ டிரம்மை இறக்கிவிட்டு, இதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்காமலே ஓடிப்போனார். பின்சக்கரத்துக்கு அகலமான டயர் கிடைக்காமல் லாரி டயரின் பட்டையைச் சீவி மொழுமொழுவென்று ஆக்கினோம். கொதிகலன் குழாய்களை வளைத்து ஒட்டிய வண்டியின் உடம்பு இருபதடி நீளத்துக்கு வந்தது. பட்டறைக்குள் அடங்காமல் அதன் மூக்கு வாசலைத் தாண்டித் தெருவில் நீட்டிக்கொண்டிருக்க, குழாயடிக்கு வருகிற பெண்கள் அதில் குடத்தை மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓட்டப்போவது யார் என்ற பேச்சு வரவே இல்லை. உட்காரும் இடத்தை நான் கருணாம்பாளின் இடுப்பு அளவுக்குத்தான் செய்திருந்தேன்.

எஞ்சினை முதல்முறை எழுப்புகிறபோது காது கொடுத்துக் கேட்க வேண்டும். எந்த சிலிண்டர் தட்டுகிறது, எந்த வால்வு ஒட்டுகிறது என்பதை அது அந்த முதல் அரை நிமிஷத்தில்தான் சொல்லும். ஆனால் எங்கள் தெருவில் காது கொடுப்பதற்கு நேரமே கிடையாது, விடிந்தால் சுத்தியல், பொழுதடைந்தால் சாணைக்கல். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் எல்லா எந்திரமும் வாய்மூடிக் கிடக்கும். ஆயுதபூசையன்று லேத்துக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் ஒரு திருப்புளியைக்கூட யாரும் தொடமாட்டார்கள். அது அவை படுத்துக்கொள்கிற நாள். அன்றைக்கே எழுப்பிவிடலாம் என்று கருணாம்பாள் சொன்னாள். தெருவில் பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். என் மனைவி மயிலாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குச் செய்தால் என்ன என்று கேட்டாள். நாளைக்குச் சத்தம் வந்துவிடும் என்றேன். அதுதான் நாங்கள் செய்த தவறு. எங்கள் மாதிரி ஆட்களால்தான் அந்தத் தவறைச் செய்ய முடியும், எங்களுக்குத்தான் அந்த நாளின் நிசப்தம் தேவைப்பட்டது.

மத்தியானம் தெருவுக்கு வண்டியைத் தள்ளி வந்து, பொட்டு வைக்காமல், எலுமிச்சம்பழம் நசுக்காமல், எழுப்பினோம். எட்டுக் குழாயிலும் வெள்ளை நெருப்பு எழுந்தது. நைட்ரோப் புகையில் தெருவே கண்ணீர் விட்டது, கருணாம்பாள் மட்டும் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆறாவது சிலிண்டர் தட்டுவது எனக்குக் கேட்டது. கேட்டாகிவிட்டது என்று எரிபொருளை அடைத்தேன். நெருப்பு அணைந்தது, புளோயரின் பெல்ட் நின்றது, எஞ்சின் நின்றது, சத்தம் நிற்கவில்லை. வண்டியைப் பின்னால் தள்ளிப் பட்டறைக்குள் விட்டோம். சத்தம் எங்களோடு வராமல் அங்கேயே நின்றுகொண்டது. ஓய்வு நாளில் பிறந்ததற்குப் போக்கிடம் தெரியவில்லை என்றும், அடுத்த ஆயுதபூசைக்கு மற்ற ஆயுதங்களோடு சேர்த்துப் பொட்டு வைத்தால்தான் அது படுக்கும் என்றும் பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்கள். நாங்கள் சொன்னோமே என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

முதல் வாரம் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து சத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து பார்த்துவிட்டு, எந்திரம் ஏதும் காணப்படவில்லை, ஆகவே நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து, இது சாமியும் இல்லை பேயும் இல்லை, தனக்கு இதில் வேலை இல்லை என்று கைகாட்டிவிட்டார். மூன்றாவது வாரம் ஒருத்தி மணல் சல்லடையைச் சத்தத்துக்குள் நீட்டிப் பிடித்தாள், மணல் தானாகச் சலித்துக் கொட்டியது. அதிலிருந்து விடிந்தால் சல்லடையும் கையுமாகப் பெண்கள் வரிசை நின்றது. அச்சுப் பெட்டியை உள்ளே வைத்து எடுத்தால் மண் இறுகி இடித்ததுபோல் இருந்தது. தயிர்ப் பானையை வைத்தவர்களுக்கு வெண்ணெய் திரண்டது. பாலை வைத்தவள் திட்டிக்கொண்டே போனாள். சைக்கிள் கற்றுக்கொள்கிறவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். கார்த்திகையில் நடந்த ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்காது என்பதால் மாப்பிள்ளையின் மாமன் மஞ்சள் கைக்குட்டையை வீசினார், அதைப் பார்த்துத் தாலி கட்டினார்கள். மார்கழியில் ஒரு சாவு விழுந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் ஒருத்தியும் ஒரு வரியைக்கூட விடாமல் கடைசிவரை பாடிவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்த நாலரை மாதமும் தெருவில் ராஜா வெள்ளியங்கிரிதான். இருபது வருஷமாக உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்தவன், இப்போது ஊருக்கே அதைச் சொல்லிக்கொடுத்தான். கடைக்காரர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வியாபாரம் செய்தார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். என் காதுக்குள்ள இருபது வருஷமா ஓடிட்டிருந்தது இதே எஞ்சின்தான், இன்னைக்குத்தான் உங்களுக்கெல்லாம் கேக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மயிலாத்தாளும் நானும் அவனிடம் கற்றுக்கொண்டோம். வெகுகாலம் கழித்து, தொண்டையில் குழாய் போட்டு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் கடைசியாகக் கேட்டதெல்லாம் எனக்கு விளங்கியது அதனால்தான்.

சத்தம் போன எஞ்சின் ஊமையாக ஓடியது. நெருப்பு வரும், மண் குதிக்கும், பக்கத்தில் நிற்பவன் பல் கிடுகிடுக்கும், ஓசை மட்டும் இருக்காது. ஓசை இல்லாமல் எஞ்சினை எப்படிச் சீர்படுத்துவது என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, ஆறாவது சிலிண்டரின் பிஸ்டனைக் கழற்றி வேறு மாட்டிய அன்று, தெருவில் நின்ற சத்தத்தில் ஆறாவது தட்டல் இல்லை. அன்றே விளங்கிவிட்டது. உள்ளே நான் கலவையை ஏற்றினால் வெளியே சத்தம் ஏறும், வால்வைத் தளர்த்தினால் சத்தம் இழுக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினை முழுதாகக் கழற்றுவோம், எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கும், பிளக்குகளை வரிசையாக வைத்து எது கருகியது எது வெளுத்தது என்று பார்ப்போம். வெளியே குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு, மூணாவது கொஞ்சம் இருமுதுங்ணா என்று விரலைக் காட்டுவார்கள். அது எப்போதும் சரியாக இருக்கும். தை முடிவதற்குள் அந்தத் தெருவே ஒரு காதாகி அந்த எஞ்சினை ஆக்கி முடித்தது.

மாசியில் ஓடுதளத்துக்குப் போனோம். கருணாம்பாள் சென்னியப்பனின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்துத் தடத்தில் தேவசிகாமணி, புதிதாக இறக்கிய வண்டியில், இந்தத் தடவை தானே ஓட்டுகிறார். விளக்கு பச்சைக்கு மாறியதும் அவர் வண்டி பூமியைப் பிளக்கிற மாதிரி கத்திக்கொண்டு கிளம்பியது. எங்கள் வண்டி, கதவிடுக்கில் பூனை நுழைவதுபோல் ஒரு முனகலும் இல்லாமல் அவரைத் தாண்டிப் போய், அவர் முக்கால் தூரம் வருவதற்குள் முடிவுக் கோட்டைக் கடந்து வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பாரசூட்டை விரித்தது. அந்த எட்டு விநாடியும் இங்கே எங்கள் தெருவில் சத்தம் கோபுர உயரத்துக்கு எழுந்ததாம். ஓடுகள் சரிந்தனவாம், குழாயடியில் அத்தனை பேரும் குடத்தைப் போட்டுவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்களாம். நாங்கள் ஜெயித்தது எங்களுக்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்கு அறிவிக்கப்படவே இல்லை. கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள், அதில் முதலாளியின் சம்பந்தியும் ஒருவர். இது எஞ்சின் வண்டிகளுக்கான பந்தயம், எஞ்சின் ஓடியதற்குக் காதால் கேட்ட சாட்சி ஒருவரும் இல்லை, ஆகவே இந்த ஓட்டம் செல்லாது என்றார்கள். வெள்ளை நெருப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். மைக் மறுபடியும் தேவசிகாமணியின் கைக்குப் போனது.

"போன வருஷம் குடிகாரன் வண்டியோட வந்தான். இந்த வருஷம் குடிகாரன் பொண்டாட்டி எஞ்சினே இல்லாம வந்திருக்கா. அடுத்த வருஷம் யாரு வருவாங்களோ தெரியலீங்."

கூட்டம் சிரித்தது. கருணாம்பாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதற்குள்ளிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியில் திரும்பி வரும்போதும் அதைக் கழற்றவில்லை. ஊர் எல்லையில் எங்கள் சத்தம் கேட்கத் தொடங்கியதும், சத்தம் வேணுமுன்னு கேட்டாரில்லீங்ணா, குடுத்துட்டு வந்தர்லாம் என்றாள்.

எங்கள் பக்கம் நோன்பு சாட்டினால் ஆற்றங்கரையிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ அம்மனை அழைத்து வருவார்கள். சாமி அழைப்பு என்று பெயர். ஒருத்தி மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக முன்னால் நடப்பாள், சாமி பின்னால் வரும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கருணாம்பாள் சத்தத்துக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, வா என்று ஒரே ஒரு தடவை உதட்டை அசைத்துவிட்டு, முன்னால் நடந்தாள். சத்தம் அசைந்தது, குழாயடியைச் சுற்றிக்கொண்டு, பழகிய பசு மாதிரி அவள் பின்னால் நடந்தது. தெரு முழுக்கப் பின்னால் போனது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், இனிமேல் மணலைக் கையால் சலிக்க வேண்டும். கோயமுத்தூரில் பணக்காரர்கள் குடியிருக்கும் ரேஸ்கோர்ஸ் பக்கம் முதலாளியின் பங்களா. வாசலுக்கு வந்த அவர் முன்னால் மிச்சத் தண்ணீரை ஊற்றி, வேப்பிலையை அவர் காலடியில் வைத்து, இனிமே இவருகூட இரு என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். இவருகூட என்று அவள் சொன்னதை நான் உதட்டில் பார்த்தேன். இவர் வீட்டில் என்று அவள் சொல்லவில்லை.

அதனால் அது அவரோடு போனது. கம்பெனிக்குப் போனால் அவர் மேசைக்கு முன்னால் நின்றது. அவர் சொல்வது யாருக்கும் கேட்காததால் வேலை அவர் இல்லாமலே நடக்கத் தொடங்கி, பிறகு அவர் இல்லாமலே நன்றாக நடந்தது. ஊட்டிக்குப் போனார், சத்தம் மலையேறியது, ஓட்டல்காரர்கள் மறுநாளே பெட்டியை வாசலில் வைத்துவிட்டார்கள். சமையல்காரரும் தோட்டக்காரரும் வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். அவர் மனைவி மதுரைக்குத் தம்பி வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கள் தெரு அதற்கு மணல் கொடுத்தது, அச்சுப் பெட்டி கொடுத்தது, ஒரு வேலை கொடுத்தது. அந்த வீட்டில் அதற்குக் கொடுக்க ஒரு வேலையும் இல்லை. இங்கே தினமும் காலை பதினொன்று இருபதுக்குக் கருணாம்பாள் கையில் ஒட்டிய கோர் மண்ணைக் கழுவிவிட்டு என் பட்டறைக்கு வருவாள். ஊமை எஞ்சினை எழுப்பி எட்டு விநாடி முழு மூச்சும் கொடுத்துவிட்டு, அடைத்துவிட்டு, வேலைக்குத் திரும்புவாள். இங்கே ஒரு சத்தமும் இருக்காது. அங்கே என்ன இருந்திருக்கும் என்று தெருவில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. எஞ்சினைத் துடைத்துத் தயாராக வைத்தவன் நான்தான், ஒருநாள்கூட மறந்ததில்லை.

சித்திரையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். ஊற்றியது தான்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். கருணாம்பாள் அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து, கொண்டுவந்தவரிடமே கொடுத்தாள். "எழுதியா சொன்னாரு அன்னைக்கு? வாயாலதானுங் சொன்னாரு."

ஆடியில் அவரே சொல்லி அனுப்பினார். போனோம். பங்களா வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகிப்போயிருந்தார், சட்டை ஹாங்கரில் தொங்குவதுபோல் தொங்கியது. கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்தினார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் எங்கள் சத்தம் நின்றுகொண்டிருந்தது. எனக்கு உதட்டிலேயே விளங்கிவிட்டது, எங்கள் தெருவிலிருந்து வந்திருந்த அத்தனை பேருக்கும் விளங்கியிருக்கும். கருணாம்பாள் வெள்ளியங்கிரியைப் பார்த்தாள். அவன் அவள் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாக உதட்டை அசைத்துச் சொன்னான். நான்தான் ஊத்துனேங்கறாரு. அவன் குடிக்கலீங்கறாரு.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, கேக்கலீங் என்று உதட்டை அசைத்தாள்.

அவர் இன்னும் பலமாகக் கத்தினார். அவள் மறுபடியும் காதைத் தொட்டாள்.

வரும் வழியில், சத்தம் எங்களுக்குப் பின்னால் குறைந்த பிறகு, அம்மிணி, சொல்லிட்டாரே என்றேன். "உங்களுக்குக் கேட்டுதுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மைக்குல சொன்னப்ப எல்லார்த்துக்கும் கேட்டுதல்லங்ணா. தெனமும் சொல்லட்டும். என்னைக்காச்சும் கேக்கும்."

வெள்ளியங்கிரி போய் அதை அவருக்குச் சைகையில் சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து பதினொன்று இருபதுக்கு அவர் மாடி முகப்பில் வந்து நின்று கத்த ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் நேரக் கணக்கெல்லாம் போய்விட்டது, எந்நேரமும் கத்தினார். ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடைபயில்கிறவர்கள் நின்று, அந்த உதடு அசைவதைப் பார்த்துவிட்டு நடந்தார்கள். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. தோன்றிய நாட்களிலும் எஞ்சினைத் துடைத்து வைத்தேன்.

ஆயுதபூசை வந்தது. காலையிலேயே எல்லாப் பட்டறையும் கழுவி, லேத்துக்கும் சுத்தியலுக்கும் சல்லடைக்கும் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் பங்கிட்டு முடித்தோம். பிறகு இருபதடி வண்டியைத் தேர் மாதிரி தெரு மொத்தமும் சேர்ந்து தள்ளிக்கொண்டு, பங்களா வாசல் வரை போனோம். மாடியில் அவர் நின்றிருந்தார், வாய் அசைந்துகொண்டே இருந்தது. கருணாம்பாள் எட்டு சிலிண்டருக்கும் ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாள், சூடம் காட்டினாள். சத்தம் கம்பிக் கதவைத் தாண்டி வந்து, வண்டியை ஒருமுறை சுற்றி, எஞ்சினுக்குள் இறங்கி, படுத்துக்கொண்டது.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. கோயமுத்தூர் முழுக்க ஒரு மில் ஓடவில்லை, ஒரு லேத் சுற்றவில்லை, ஒரு மோட்டார் இரையவில்லை. அந்த நிசப்தத்தில் மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. கிழிந்த குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக ரேஸ்கோர்ஸ் கடைசி வரைக்கும் போனது.

"நான்தான் ஊத்துனேன். சென்னியப்பன் குடிக்கல. நான்தான் என் கையால ஊத்துனேன். சென்னியப்பன் குடிக்கவே இல்ல."

பக்கத்து வீடுகளின் சன்னல்கள் திறந்தன. நடைபயில வந்தவர்கள் நின்றார்கள். கமிட்டிக்காரச் சம்பந்தி நாலாவது வீட்டு வாசலில் வந்து நின்றதை நானே பார்த்தேன். மாடியில் அவர் நிறுத்தவில்லை. சத்தம் போய்விட்டது அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் அதன் பக்கத்திலேயே இருந்ததில் இரண்டு காதும் போய்விட்டிருந்தன. சத்தத்தை மீறிவிட வேண்டும் என்று இன்னும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

அவர் நிலைமை எங்கள் எல்லோரையும்விட வெள்ளியங்கிரிக்குத்தான் முதலில் விளங்கியது. போதும், நின்றுவிட்டது என்று மாடியைப் பார்த்துச் சைகை காட்டக் கையை உயர்த்தினான். கருணாம்பாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"இருக்கட்டுமுங்" என்றாள். "இன்னும் கொஞ்சம் கேக்கலாம்."

நடுரோட்டிலேயே உட்கார்ந்து முந்தானையிலிருந்த பொரியை அவிழ்த்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். அவள் ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். மென்றால் கேட்காது என்று, எல்லோரும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தோம்.